இரண்டு தட்டு

சிராய்க்குப் பல் போனது, முதலாளி அவனுக்கு நல்ல சேதி சொன்ன அதே நாளில்தான். காலையில் சேதி, மத்தியானம் பல். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் அவன் சந்தோஷமாக இருந்தான். அந்தச் சந்தோஷத்தையும் யாரிடம் போய்ச் சொல்லக்கூடாதோ அவனிடமே போய்ச் சொன்னான்.

அந்த மர அறுவை ஆலையில் ஒரு தடவை பட்டப்பெயர் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கழுவ முடியாது. ரம்பத்துக்கு முன்னால் நின்று மரத்தைத் தள்ளுகிறவன் தேக்கு; தோளும் முதுகும் இழைத்து வைத்த மாதிரி இருப்பான். ரம்பத்துக்குப் பின்னால் நின்று அறுபட்டு வருவதைப் பிடிக்கிறவன் சிராய். எலும்பும் தோலுமான பயல், தேக்கை விட்டு ஓர் அடி நகர மாட்டான். சிராயின் அக்காவை முதலாளியிலிருந்து லோடு இறக்குகிறவர்கள் வரை ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து ஆறு வருஷமாக ஆணி பிடுங்குகிறாள்.

இடித்த வீடுகளின் மரம்தான் அங்கே லாரி லாரியாக வரும். உத்தரம், நிலைச்சட்டம், படிக்கட்டுப் பலகை. அதை அப்படியே ரம்பத்தில் ஏற்ற முடியுமா? உள்ளே எந்தக் காலத்து ஆணி எங்கே கிடக்கிறதோ. ஆணியக்கா தகரக் கொட்டகையில் குத்த வைத்து உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிகிற ஆணியைக் குறடு போட்டுப் பிடுங்குவாள். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று அவளிடம் உண்டு. அதை மரத்தின் மேல் இழுத்துக்கொண்டே போவாள். 'சட்'டென்று பிடித்தால் உள்ளே தலையில்லாத ஆணி. அதைப் பிடுங்க முடியாது. சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவாள். ரம்பம் அந்த வட்டத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ரம்பத்தின் இரும்புப் பட்டை அறுந்து பாம்பு மாதிரி வெளியே பாயும்.

முன்னால் நிற்பவனுக்குக் கண் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். அங்கே இங்கே பார்த்தால் பலகை கோணலாகிவிடும். மரத்தின் மற்ற பக்கங்களைப் பார்ப்பது பின்னால் நிற்பவன் பொறுப்பு. ரம்பம் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் வட்டம் தெரிந்தால் பின்னால் நிற்பவன் உள்ளங்கையால் மரத்தை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டுவான். அந்த அதிர்வு முன்னால் நிற்பவன் கையில் தெரியும். உடனே தள்ளுவதை நிறுத்துவான். நாலு வருஷமாகத் தேக்கின் உயிர் சிராயின் உள்ளங்கையில்தான் இருந்தது. ஆனால் அதிகாரம் என்னவோ தேக்கினுடையது. தேக்கு சட்டையைக் கழற்றிப் போட்டால் சிராய் துவைப்பான். தேக்கு தாமதமாக வந்தால் திட்டு சிராய்க்கு. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் சேர்ந்து சிராயை மிதித்தபோது ஒற்றை ஆளாக அவர்களைப் புரட்டி எடுத்தவன் தேக்கு. அன்றையிலிருந்து சிராயை அடிக்கிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

இப்போது முதலாளி இரண்டாவது ரம்பம் வாங்கியிருந்தார். காலையில் சிராயைக் கூப்பிட்டு, "கை நிதானமா இருக்குடா உனக்கு. புது மெஷினை நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டார். ஆணியக்காவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தம்பி இனி தனி ஆள். தனி ரம்பம், தனி இடம். தேக்கின் நிழலிலிருந்து அவனைப் பிடுங்க இதைவிட நல்ல குறடு கிடைக்காது என்று நினைத்தாள்.

மத்தியானம் பலகை அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது தேக்கின் கையில் ரீப்பர் கட்டை. சிராய் மரத்தூளில் மண்டி போட்டிருந்தான்.

"மெஷின்காரர் ஆயிட்டீங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"முதலாளிதான்டா... சொன்னாரு..."

"அவரு சொன்னா? எனக்குப் பின்னால எவன்டா நிப்பான்? உங்கப்பனா?"

கட்டை தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். மூன்றாவது வாயில். லோடுக்காரர்கள் நாலு பேர் கையில் டீயோடு நின்று பார்த்தார்கள். ஒருத்தன்கூட நகரவில்லை. சிராய் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை; அதைப் பார்த்துத்தான் ஆணியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த குறட்டைத் தேக்கின் மேல் வீசினாள். அது அவன் காதை உரசிக்கொண்டு போய்ப் பலகையில் மோதியது.

தேக்கு திரும்பி அவளைப் பார்த்தான். "அக்கா, இது எங்க ரெண்டு பேர் விஷயம்," என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு, கட்டையை ஓரமாகச் சாத்திவைத்துவிட்டுப் போனான். சிராய் தூளுக்குள் விரலை விட்டுத் தேடி, பல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அதே தேக்கு வீட்டுக்கு வந்தான். கையில் ரொட்டி, ஒரு பாக்கெட் பால். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! நேரே அடுப்படிக்குப் போய்ப் பாலைத் தானே காய்ச்சினான். அது அவனுக்குத் தெரியாத வீடா? மூன்று வருஷத்துக்கு முன்னால் மழை வெள்ளத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அவர்கள் அம்மாவை முதுகில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் ஆஸ்பத்திரி வரைக்கும் போனவன் அவன். அம்மாவுக்கு அவன் வந்தாலே முகம் மலர்ந்துவிடும்.

"வாப்பா. சாப்பிட்டியா?"

"இவன் சாப்பிடட்டும்மா முதல்ல." ரொட்டியைப் பிய்த்துப் பாலில் தோய்த்துச் சிராயின் வாயில் வைத்தான். "மெல்லாத. அப்படியே முழுங்கு. வலிக்குதா?"

"இல்லடா."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம்."

"எனக்கும்தான் வலிக்குது. அந்தக் கட்டையோட சிராய் உள்ளங்கையில ஏறிருச்சு. எடுத்து விடு."

சிராய் வீங்கிய வாயோடு சிரித்தான். ஊசியை எடுத்து வந்து, தேக்கின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து அந்தச் சிராயை எடுத்தான். ஆணியக்கா பாத்திரத்தை 'ணங்'கென்று வைத்தாள்.

"பல்ல உடைச்சவனுக்குக் கைல முள்ளு எடுத்து விடறியேடா, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

"அக்கா, கோவத்துல ஒண்ணு விழுந்துருச்சு," என்றான் தேக்கு. "தப்புதான். இல்லேங்கல. ஆனா இவன் என்னை விட்டுட்டுப் போறேன்னு சொல்லலாமா? நீயே சொல்லு."

"பத்தடி தள்ளி இன்னொரு மெஷினு. வெளிநாடா போறான்?"

"பத்தடின்னாலும் போறதுதானே? எனக்குப் பின்னால வேற ஒருத்தனை நான் எப்படி நம்புவேன்? இவன் தட்டினாத்தான் எனக்குத் தட்டின மாதிரி." சிராயின் பிடரியைப் பிடித்து ஆட்டினான். "நாளைக்கு முதலாளிகிட்டப் போய் வேணாம்னு சொல்லிடு. சரியா?"

"சரிடா."

"நல்லாச் சொல்லு."

"சொல்லிடறேன்டா."

தேக்கு போனதும் அம்மா ஆரம்பித்தாள். "அவன் இல்லேன்னா நான் இன்னைக்குச் செவுத்துல போட்டோவா தொங்கிட்டு இருப்பேன். ஒரு அடி அடிச்சா என்ன? ஒண்ணா வளந்த பசங்க."

"உன் உயிருக்கு இவன் உயிர எழுதிக் குடுத்துட்டியாம்மா?" என்று ஆணியக்கா கத்தினாள். பிறகு தம்பியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மனசில் இருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. "டேய், அவன் உயிரு உன் கையில இருக்குடா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தினமும். அது அவனுக்கும் தெரியல, உனக்கும் தெரியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தட்டாம இருந்து பாரு. அப்பத் தெரியும் யாரு பெரிய ஆளுன்னு."

"வாயக் கழுவுடி!" என்றாள் அம்மா.

சிராய் பயந்துபோய் அக்காவைப் பார்த்தான். "அப்படியெல்லாம் பேசாதக்கா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சொன்ன மறு நிமிஷமே அவளுக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் சொன்ன சொல்லை எந்தக் குறடு போட்டுப் பிடுங்குவது?

சிராய் முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்து, "உருப்பட மாட்ட," என்றார். புது ரம்பத்துக்கு வெளியிலிருந்து ஆள் வந்தது. ஆணியக்கா தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க விடாத மழை. ஈர மரம் ரம்பத்தில் சிக்கிச் சிக்கி வேலை ஓடவில்லை. வேலை ஓடாவிட்டால் தேக்குக்கு விளையாட்டு வேண்டும். வெள்ளிக்கிழமை டீக்கடையில் இருபது பேருக்கு முன்னால் சிராயைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினான்.

"நான்தான் புது மெஷின்காரன்னு சொல்லுடா. முதலாளி மாதிரிச் சொல்லணும்."

பல் போன இடத்தில் காற்று சீறிக்கொண்டு வந்தது. கடையே சிரித்தது. சிராயும் சிரித்தான். தேக்கு இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னான். மூன்றாவது தடவை எச்சில் தெறித்து யார் மேலேயோ பட, சிரிப்பு இன்னும் கூடியது. நாலாவது தடவை சிராய் சொன்னான், ஆனால் சிரிக்கவில்லை. டீ வாங்க வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த ஆணியக்கா அவன் காதைப் பார்த்தாள். இரண்டு காதும் ரத்தமாகச் சிவந்திருந்தது. தேக்கு அதைக் கவனிக்கவில்லை. அவன் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு எல்லார் டீயும் அவன் செலவு.

மறுநாள் வெயில் அடித்தது. தேங்கிய வேலையையெல்லாம் முடிக்க வேண்டும் என்று முதலாளி விரட்டினார். தேக்கு ரம்பத்தின் இரும்பு மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். பெரிய மரம் ஏற்றும்போது அது இடைஞ்சல் என்று எப்போதும் அப்படித்தான் செய்வான். முதலாளியும் பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிடுவார்.

ஏதோ பழைய பெரிய வீட்டின் உத்தரம் அது. காந்தம் ஓர் இடத்தில் பிடித்தது. ஆணியக்கா நன்றாக அழுத்தி, உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் போட்டாள். ஈரத்தில் அழிந்துவிடக் கூடாதே என்று அதன் மேலேயே இன்னொரு முறை போட்டாள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் ரம்பத்தில் ஏற்றினார்கள்.

முதல் பலகை அறுபட்டு வந்தது. சிராய் அதை எடுத்து ஓரத்தில் சாய்த்துவிட்டு, உத்தரத்தைப் புரட்டித் தேக்கு பக்கம் திருப்பி அனுப்பினான். புரட்டும்போது வட்டம் அவன் மூக்குக்கு நேரே வந்தது. கொட்டகையிலிருந்து ஆணியக்கா அதைப் பார்த்தாள். 'பார்த்துவிட்டான்' என்று வேறு மரத்துக்குக் குனியப் போனவள், என்னவோ தோன்றித் தலையை நிமிர்த்தினாள்.

தேக்கு தள்ள ஆரம்பித்தான். கண் கோட்டின் மேல். சிராயின் வலது கை உயர்ந்தது. மரத்துக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. அவன் மரத்தைப் பார்க்கவில்லை, தேக்கின் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்தக் கை, தட்டாமல், மெல்ல இறங்கி மரத்தின் மேல் படிந்தது. அடுத்த கணம் பிடியை விட்டுவிட்டு ஓரடி விலகி நின்றுகொண்டான்.

"டேய்!" என்று ஆணியக்கா அலறினாள். ரம்பம் போடுகிற சத்தத்தில் அவள் அலறல் அவளுக்கே கேட்கவில்லை. எழுந்து ஓடினாள். நாலு எட்டு வைத்திருப்பாள்.

வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த பட்டை ஒரு சுற்றுச் சுழன்று வெளியே பாய்ந்து, தேக்கின் வலது கையில் முழங்கைக்கு மேலே விழுந்தது. விழுந்து நிற்கவில்லை, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, தோளைக் கிழித்து, கன்னத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் தூணில் அடித்தது. தேக்கு உடனே விழவில்லை. தன் கை மரத்தின் மேல் இருக்கிறதையும், தான் அதை விட்டுத் தள்ளி நிற்கிறதையும் பார்த்தான். அப்புறம்தான் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஈரத் தூள் முழுக்கச் சிவப்பு. முட்டி போட்டு விழுந்தவன் வாயிலிருந்து முதலில் வந்தது சிராயின் பெயர்தான்.

சிராய் அதற்குள் பாய்ந்து வந்து அவனைத் தூக்கியிருந்தான். தன் சட்டையைக் கிழித்து, அந்த இடத்தில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "டேய் டேய் டேய், ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா," என்று அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. ஆணியக்காவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

போலீஸ் வந்தது. அதிகாரி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்.

"ஆணி இருந்தா வட்டம் போடுவாங்களாமே. போடறது யாரு?"

உத்தரத்தில் அந்த இடம் பிளந்து சிதறிக் கிடந்தது. ரத்தம் வேறு. வட்டம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. சிராய் தலையைக் குனிந்திருந்தான். எட்டு நாளைக்கு முன்னால், 'தட்டாம இருந்து பாரு' என்று தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"நான்தான் பாக்கணும். இந்தக் கட்டையில பாக்காம விட்டுட்டேன்," என்றாள்.

"பாக்காம விட்டியா! ஒரு ஆளோட கை போயிருக்கும்மா."

"மறந்துட்டேங்க."

அவள் சொன்னதை அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். முதலாளி அங்கேயே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். லோடுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனால் போகட்டும், தம்பி வெளியில் இருக்கிறானே என்று அவள் வீட்டுக்கு நடந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து சிராய் மறுநாள் சாயங்காலம் வந்தான். பனியன் முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. அம்மா அழுதுகொண்டே கேட்டாள், "எப்படிடா இருக்கான்?"

"கை போச்சும்மா. தோள் வரைக்கும் எடுத்துட்டாங்க." பிறகு அக்கா பக்கம் திரும்பினான். "இவளாலதான்."

"என்னடா?" என்றாள் ஆணியக்கா.

"ஒரு வட்டம் போடத் துப்பில்ல உனக்கு. ஒழுங்காக் குறிச்சிருந்தா அவன் கை இருக்கும்ல?"

நடிக்கிறானோ என்று அவன் கண்ணைப் பார்த்தாள். நடிப்பில்லை. அவள் சொன்ன பொய்யை அவனே எடுத்துப் போர்த்திக்கொண்டுவிட்டான்.

"தம்பி," என்று குரலைத் தாழ்த்தினாள். "நான் பாத்தேன்டா. உன் கை மேல போச்சு. அப்புறம் தட்டாம..."

முடிக்கவில்லை. அறை விழுந்தது. அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். அவன் விடவில்லை. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி முகத்தில் குத்தினான். தேக்கு அடிப்பது போலவே அடித்தான். தோள், முதுகு, வாய், அதே வரிசை. "நீதானே சொன்ன! நீதானேடி சொன்ன! தட்டாதன்னு நீதானே சொன்ன!" அம்மா நடுவில் விழுந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் நிறுத்தினான். தன் கையைத் தானே பார்த்துவிட்டு, பானையிலிருந்து சோற்றை அள்ளித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனான்.

அடுத்த நாள் காலையில் ஆணியக்காவும் போனாள். ஒரு கண் திறக்கவே முடியவில்லை. தேக்கின் காலில் விழுந்தாவது, 'தப்பு என்னோடது, அவனை விட்டுடு' என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். வார்டில் தேக்கு தலையணையில் சாய்ந்திருந்தான். வலது பக்கம் கட்டு மட்டும்தான் இருந்தது. கன்னத்தில் கம்பளிப்பூச்சி மாதிரித் தையல்.

"யாரு அடிச்சது? அவனா?" என்றான்.

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள்.

"நீ ஏன்க்கா பொய் சொன்ன?"

"பொய்யில்ல தம்பி. நான்தான் குறிக்காம..."

"அக்கா. என் ரெண்டு கையும் மரத்து மேல இருந்துச்சு. அவன் பிடிச்சிருந்தப்ப ஒரு மாதிரி இருக்கும், விட்டா ஒரு மாதிரி இருக்கும். நாலு வருஷமாத் தெரியும் எனக்கு. பிடியை விட்டுட்டுத் தள்ளி நின்னான். ஏன் தள்ளி நிக்கறான்னு நினைச்சேன். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

ஆணியக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போலீஸ்ல சொல்லிட்டியா?"

"ஏன் சொல்லணும்? சொன்னா அவனை உள்ள வச்சிருவாங்க. எனக்கு யாரு இருக்கா?" தேக்கு சிரித்தான், தையல் இழுக்க, முகத்தைச் சுளித்தான். "இனிமே எனக்குச் சோறு ஊட்டறது அவன்தான். சட்டை மாட்டறது, குளிப்பாட்டறது எல்லாம் அவன்தான். கல்யாணம் கில்யாணம் எல்லாம் கிடையாது அவனுக்கு. நான் சாகற வரைக்கும். அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிராய் வந்தான். அக்காவைப் பார்க்காத மாதிரிக் கட்டிலின் மேல் உட்கார்ந்து, கஞ்சியை ஊதி, ஒரு கரண்டி எடுத்து நீட்டினான். சூடு அதிகமோ என்னவோ, தேக்கு இடது கையால் 'பளார்' என்று அறைந்தான். பழக்கமில்லாத கை, குறி தவறிக் காதிலும் கழுத்திலும் பட்டது. கஞ்சி சிந்தியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிராய் துண்டால் துடைத்தான். "கை வலிக்குதாடா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கரண்டியை இன்னும் நன்றாக ஊதினான். அறை வாங்கிய முகத்தில் ஒரு நிம்மதி. கடன் தீருகிற நிம்மதி இல்லை அது. இனித் தீரவே வேண்டாம் என்கிற நிம்மதி. அதைப் பார்த்ததும் ஆணியக்கா அவன் தோளைப் பிடித்தாள்.

"வாடா வீட்டுக்கு," என்றாள். "வாடா தம்பி. அடிச்சதெல்லாம் பரவால்ல. வந்துரு."

"நீ போக்கா. இவனுக்கு நான் இருக்கேன்."

தேக்கு சிராய் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்து காட்டினான். சிராய் ஊட்டினான்.

அவள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. வெயிலில் நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அதே அதிகாரிதான் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

"நான் அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. நான் வட்டம் போட்டேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை போட்டேன். என் தம்பி அதைப் பாத்தான். பாத்துட்டுத்தான் தட்டாம விட்டான். தட்டாதேன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். அதையும் எழுதிக்கங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "உன்னை அடிச்சிருக்கான். அந்தக் கோவத்துல வந்து சொல்றியா?"

"இல்லீங்க."

"கூடப் பொறந்தவனை உள்ள தள்ளப் பாக்கறியேம்மா. எத்தனை வருஷம் ஆகும்னு தெரியுமா?"

"எத்தனை ஆகும்?"

"கோர்ட்டு சொல்லணும். அஞ்சும் ஆகலாம், பத்தும் ஆகலாம்."

"ஆகட்டும்," என்றாள். முந்தானையால் திறக்காத கண்ணைத் துடைத்தாள். "உள்ள இருக்கறவங்களப் பாக்க வெளியாளு வந்தா, விடறதா வேணாமான்னு நீங்கதானே முடிவு பண்ணுவீங்க?"

"ஆமா. ஏன், நீ போய்ப் பாக்கணுமா?"

"என்னை விடாட்டியும் பரவால்லீங்க. அந்தத் தேக்க மட்டும் உள்ள விடாதீங்க."